சில்லறை பேசும் சரித்திரம்: குதிரை ஏறிய கைதி

ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட ஒரு சுற்று பெரிசாக, ஆனால் எடையில் பாதியாக, மெல்லிசாக ஒரு காசை மனசுக்குள் வரைந்து பாருங்கள். மஞ்சள் மஞ்சேரென்று மின்ன வேண்டும். காரணம், அது சொக்கத் தங்கம்! எடை 3.88 கிராம். நம்ம ஊர்க் கணக்கில் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி.

அதன் ஒரு பக்கத்தில் ஒரு ராஜா. முழுக் கவசம், ஓங்கிய வாள், நாலு கால் பாய்ச்சலில் குதிரை. ராஜா உடம்பிலும் குதிரை மேல் போட்ட துணியிலும் லில்லிப் பூ சின்னம். சுற்றிலும் லத்தீனில் ‘கடவுள் அருளால் ஃப்ராங்க்குகளின் அரசன் ஜான்’ என்று எழுதியிருக்கும். மறுபக்கம் அலங்காரமான சிலுவை.

பார்த்தால் என்ன தோன்றும்? ‘ஆஹா, ஏதோ பெரிய போரில் ஜெயித்த குஷியில் அடித்த காசு’ என்றுதானே?

ம்ஹூம்! இந்தக் காசு பிறந்தது 1360-ல். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த ராஜா எதிரி நாட்டுச் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். அதுவும் பாக்கி கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு. இதைவிட வேடிக்கை, அவர் பிடிபட்டபோது குதிரை மேலேயே இல்லை!

காசின் பெயர் ஃப்ராங்க். ஆமாம், 2002 வரை பிரான்ஸில் புழங்கிய அதே ஃப்ராங்க்கின் கொள்ளுத் தாத்தா. குதிரை இருப்பதால் சேகரிப்பாளர்கள் இதைக் ‘குதிரை ஃப்ராங்க்’ என்றே சொல்வார்கள். கதைக்குப் போவோமா?

குதிரையை விட்டு இறங்குங்கப்பா!

1356, செப்டம்பர் 19. பிரான்ஸில் புவாத்தியே என்ற ஊருக்குப் பக்கத்தில் போர். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போரின் ஒரு முக்கியமான நாள். அந்தப் பக்கம் தளபதி, இங்கிலாந்து ராஜா மூன்றாம் எட்வர்டின் பையன், பின்னாளில் ‘கறுப்பு இளவரசன்’ என்று பெயர் வாங்கியவர். வயசு 26. இந்தப் பக்கம் பிரான்ஸ் ராஜா இரண்டாம் ஜான். ஆள் பலத்தில் பிரான்ஸ்தான் பெரிசு.

ஆனால் ஜானுக்கு ஒரு பழைய பயம். பத்து வருஷம் முன்பு, 1346-ல், கிரெசி போரில் அவருடைய அப்பாவின் குதிரைப்படையை இங்கிலாந்தின் நீள வில்காரர்கள் சல்லடையாகத் துளைத்திருந்தார்கள். அம்பு பட்டதும் குதிரை மிரளும். மேலே இருப்பவன் கவசத்தோடு கீழே விழுவான். அப்புறம் எழுந்திருப்பது எங்கே? அதனால் ஜான் பெரும்பாலான வீரர்களைக் குதிரையை விட்டு இறங்கச் சொன்னார். ஈட்டிகளைக் குட்டையாக வெட்டிக்கொண்டு நடந்தே போனார்கள். ராஜாவும் நடைதான். கையில் வாள் இல்லை, போர்க்கோடரி.

அப்படியும் கதை கந்தல். ஒரு பிரிவு தோற்று ஓட, இன்னொரு பிரிவு சண்டையே போடாமல் கிளம்ப, ஜானின் பெரிய பையன்கள் மூன்று பேரும் களத்தை விட்டுப் போய்விட்டார்கள். கடைசிவரை அப்பா பக்கத்திலேயே நின்றது பதினாலு வயசுக் கடைக்குட்டி பிலிப் மட்டும். ‘தைரியசாலி பிலிப்’ என்று சரித்திரம் அவனைக் கூப்பிடுவது இதனால்தான். ஜான் சுற்றி வளைக்கப்பட்டார். இங்கிலாந்துப் பக்கம் சேர்ந்திருந்த ஒரு பிரெஞ்சு வீரனிடம் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். ‘சரண்டர்’ என்பதற்கு அந்தக் கால அடையாளம் அது.

அன்று ராத்திரி நடந்ததாக ஃப்ருவாஸார் என்ற அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் எழுதியிருப்பது சினிமா மாதிரி இருக்கும். ஜெயித்த இளவரசன், தோற்ற ராஜாவுக்குத் தன் கையாலேயே விருந்து பரிமாறினானாம். அடுத்த வருஷம் லண்டனுக்குள் கூட்டிப் போனபோது கைதி ராஜா கம்பீரமான வெள்ளைக் குதிரையில். இளவரசன் பக்கத்தில் சின்னக் கறுப்புக் குதிரையில். ஆக, ஜானைக் குதிரை மேல் ஊரே பார்த்தது எதிரியின் ஊர்வலத்தில்தான்!

மரியாதைக்குக் குறைச்சலில்லை. லண்டனில் சவாய் அரண்மனை ஜாகை, வேட்டை, விருந்து, சிரிக்க வைக்கக் கூடவே ஒரு விதூஷகன். அங்கே அவர் செலவு செய்த கணக்கு நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. ராஜாவை இப்படித் தாங்கியதற்குக் காரணம் பாசமா? பாசம் பாதி, வியாபாரம் பாதி. உயிரோடும் மானத்தோடும் இருக்கிற ராஜாவுக்குத்தான் விலை அதிகம்.

பாலில் தண்ணி

ராஜா ஜாலியாக இருக்கட்டும். பிரான்ஸ் என்ன ஆச்சு?

இதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன எகனாமிக்ஸ் கிளாஸ். பயப்படாதீங்க, அட்டெண்டன்ஸ் கிடையாது.

அந்தக் காலத்தில் காசின் மதிப்பு அதில் இருக்கிற தங்கம், வெள்ளியை வைத்து. ராஜாவுக்குப் பணம் வேண்டுமா? வரி போட்டால் ஜனங்கள் முறைப்பார்கள். சுலப வழி ஒன்று உண்டு. பழைய காசுகளை வாங்கி உருக்க வேண்டியது. வெள்ளியைக் குறைத்து, செம்பைக் கூட்டி, அதே பேரில் நிறையக் காசு அடிக்க வேண்டியது. ஒரு லிட்டர் பாலை ஒன்றரை லிட்டராக்குகிற பால்காரர் வேலைதான். நடுவில் மிஞ்சுவது ராஜாவின் கஜானாவுக்கு. ஜானின் அப்பா காலத்தில், 1349-ல், அரசாங்க வரவில் பாதிக்கு மேல் இந்தக் காசடிக்கும் லாபமே! ஜான் பட்டத்துக்கு வந்த பின்னும் இதே கூத்துதான். வருஷத்துக்குப் பல தடவை காசின் தரம் மாறியது.

யாருக்கு அடி? குத்தகைப் பணம் இவ்வளவு என்று பல வருஷத்துக்கு எழுதி வைத்த நிலச்சுவான்தாருக்கு, கடன் கொடுத்தவனுக்கு, கூலி வாங்குகிறவனுக்கு. நேற்று பேசின அதே தொகை இன்று கைக்கு வருகிறது. ஆனால் கடைக்குப் போனால் பாதி ரொட்டிதான். இதற்கு எட்டு வருஷம் முன்புதான் 1348-ன் கொள்ளை நோய் வேறு ஊர் ஊராகக் காலி செய்திருந்தது.

இதை ஒரு காலேஜ் வாத்தியார் தட்டிக் கேட்டார். பெயர் நிக்கோல் ஓரேம். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் நவார் கல்லூரித் தலைவர். கணக்கு, வானியல், தத்துவம் என்று எல்லாவற்றிலும் புகுந்து விளையாடிய மனுஷன். 1350-களில் காசைப் பற்றி லத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார். அவர் வாதம் எளிமையானது. காசில் ராஜாவின் முகம் இருக்கலாம். ஆனால் காசு ராஜாவின் சொத்து இல்லை. அதைப் புழங்குகிற மக்களின் சொத்து. அவர்களைக் கேட்காமல் அதன் தரத்தில் கை வைப்பது வட்டி வாங்குவதைவிடப் பெரிய பாவம். ராஜா குடும்பத்துப் பணத்தில் நடந்த கல்லூரியில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுத எவ்வளவு தில் வேண்டும்!

உங்க வயசுதான்

அப்பா கைதியானபோது பட்டத்து இளவரசன் சார்லஸுக்கு வயசு 18. அதாவது, ஃபர்ஸ்ட் இயர் வயசு. உடம்பும் அவ்வளவு தெம்பில்லை. போர்க்களத்திலிருந்து போய்விட்டான் என்ற கெட்ட பேர் வேறு. கையில் கிடைத்ததோ தோற்ற நாடு, காலிப் பெட்டி.

அவனும் முதலில் பிடித்தது அதே குறுக்கு வழிதான். 1356 டிசம்பரில் தரம் குறைந்த புதுக் காசு என்று அறிவித்தான். பாரிஸ் கொதித்துவிட்டது. வியாபாரிகளின் தலைவர், எத்தியேன் மார்செல் என்ற பணக்காரத் துணி வியாபாரி, ‘இந்தக் காசை நாங்கள் வாங்க மாட்டோம்’ என்று நின்றார். கடைகள் மூடின, ஜனங்கள் ஆயுதம் எடுத்தார்கள். 1357 ஜனவரியில் இளவரசன் உத்தரவை வாபஸ் வாங்கினான். ஒரு ஊரே சேர்ந்து ‘உன் காசு வேண்டாம்’ என்று சொன்னால் அரண்மனை என்ன செய்ய முடியும்?

ஆனால் மார்செலும் அதோடு நிற்கவில்லை. 1358 பிப்ரவரியில் அவருடைய ஆட்கள் அரண்மனைக்குள்ளேயே புகுந்தார்கள். இளவரசனின் கண்ணெதிரே அவனுடைய இரண்டு தளபதிகளை வெட்டிப் போட்டார்கள். ரத்தம் அவன் உடையில் தெறித்தது. மார்செல் தன் கட்சியின் சிவப்பு-நீலத் தொப்பியைக் கழற்றி, ‘பயப்படாதே, உனக்கு ஒன்றும் ஆகாது’ என்பது போல இளவரசன் தலையில் வைத்தார். அப்போது சார்லஸுக்கு 20.

அந்த வருஷம் பிரான்ஸ் எரிந்தது. கிராமங்களில் விவசாயிகள் கலகம். அதை நசுக்கிய பிரபுக்களின் வெறியாட்டம். ஜூலை 31-ம் தேதி மார்செலையே பாரிஸ்காரர்கள் கொன்றுபோட்டார்கள். சார்லஸ் திரும்பி வந்தான். ஆனால் போர்ச் செலவுக்குக் காசைக் கெடுக்கிற வேலை மறுபடி தொடங்கி, 1360-ன் ஆரம்பத்தில் வெள்ளிக்காசு பேருக்குத்தான் வெள்ளி என்ற நிலை.

தலைக்கு என்ன விலை?

1360 மே மாதம் பிரெத்தீன்யி என்ற கிராமத்தில் ஒப்பந்தம் பேசி முடித்தார்கள். ராஜாவின் விலை: 30 லட்சம் தங்க எக்யூ. கூடவே தென்மேற்கு பிரான்ஸில் பெரிய நிலப்பரப்பு.

30 லட்சம் என்றால் எவ்வளவு? இரண்டு எக்யூ, இங்கிலாந்தின் ஒரு நோபிள் தங்கக் காசுக்குச் சமம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அப்படியென்றால் 15 லட்சம் நோபிள். ஒரு நோபிள் சுமார் 7.78 கிராம். பெருக்கிப் பாருங்கள். பதினோராயிரத்து அறுநூறு கிலோவுக்கு மேல் தங்கம்! நம்ம பாஷையில் சுமார் பதினாலரை லட்சம் பவுன். ஒரே ஒரு ஆளுக்கு!

தவணைத் திட்டமும் உண்டு. முதலில் 6 லட்சம், அப்புறம் வருஷத்துக்கு 4 லட்சமாக ஆறு வருஷம். பாக்கிக்கு ஜாமீனாக ராஜாவின் பையன்கள், பிரபுக்கள், முக்கிய நகரங்களின் பெரிய மனிதர்கள் எல்லாரும் பணயக்கைதிகளாக இங்கிலாந்துப் பொறுப்பில்.

முதல் தவணைக்கே திண்டாட்டம். மிலன் நகரை ஆண்ட விஸ்கோன்டி குடும்பத்திடம் கொழுத்த பணம் இருந்தது. ராஜகுடும்பத்துச் சம்பந்தம்தான் இல்லை. ஜானிடம் சம்பந்தம் இருந்தது, பணம் இல்லை. ஜானின் மகள் இஸபெல்லுக்கு அப்போது வயசு 12. விஸ்கோன்டி வீட்டுப் பையனுக்குப் பத்துகூட ஆகவில்லை. கல்யாணம் முடிந்தது, பெரிய தொகை கை மாறியது. ராஜா தன் ரத்தத்தையே விற்றுவிட்டார் என்று அந்தக் காலத்திலேயே எழுதினார்கள். போரில் தோற்றது அப்பா. விலையில் ஒரு பங்கைக் கட்டியது அந்தச் சின்னப் பெண்.

6 லட்சத்தில் 4 லட்சம் சேர்ந்ததுமே இங்கிலாந்து சம்மதித்தது. 1360 அக்டோபர் கடைசியில் கலே துறைமுகத்தில் ஜான் விடுதலை.

காசுக்கு வரி, வரிக்குக் காசு

இப்போதுதான் நம்ம ஹீரோ என்ட்ரி. 1360 டிசம்பர் 5. பாரிஸுக்கு வடக்கே கொம்பியேன் என்ற ஊரில் ஜான் வெளியிட்ட ஆணையில் பிறந்தது ஃப்ராங்க்.

‘ராஜாவை மீட்க அடித்த காசு’ என்று பல இடங்களில் படிப்பீர்கள். தேதியைக் கவனித்தால் கதை வேறு மாதிரி. முதல் தவணையைக் கட்டி, ராஜா வெளியே வந்து, அப்புறம்தான் ஃப்ராங்க் வருகிறது. பாக்கித் தவணைகள் கழுத்தை நெரித்தது உண்மைதான். ஆனால் இந்தக் காசின் நிஜமான வேலை வேறு: ‘இனிமேல் பாலில் தண்ணி கலக்க மாட்டேன்’ என்ற வாக்குறுதி.

பிரெஞ்சுக்காரர்கள் அப்போது லிவ்ர் என்ற கணக்கில் பேசுவார்கள். ஒரு லிவ்ருக்கு 20 சூ. ஒரு சூவுக்கு 12 தெனியே. ஆனால் லிவ்ர் என்பது கணக்குப் புத்தகத்தில் மட்டும் வாழ்ந்த ஜீவன். கையில் பிடிக்க முடியாது. ஃப்ராங்க் அதைத் தங்கமாக்கி உள்ளங்கையில் வைத்தது. ஒரு ஃப்ராங்க் என்றால் ஒரு லிவ்ர், அவ்வளவுதான். குழப்பமே இல்லை. பாரிஸ் எடைக்கல்லில் ஒரு மார்க், அதாவது சுமார் 245 கிராம் தங்கத்துக்கு 63 காசு.

சரி, காசில் கை வைக்க மாட்டேன் என்றால் ராஜாவுக்கு வருமானம்? அங்கேதான் ட்விஸ்ட். அதே டிசம்பர் 5-ம் தேதி இன்னொரு ஏற்பாடும் வந்தது. விற்கிற சரக்குக்கு லிவ்ருக்கு 12 தெனியே, அதாவது 5 சதவீதம் வரி. ஒயினுக்குப் பதின்மூன்றில் ஒரு பங்கு. உப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு. யாரும் வாய் திறக்க முடியாது. ஏனென்றால் பிரபுவோ ராஜாவோ எதிரியிடம் சிக்கினால், அவரை மீட்கக் கீழே இருக்கிறவர்கள் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அந்தக் காலத்து எழுதாத சட்டம்.

ஆக, டீல் இதுதான்: ‘காசு கெடாது. பதிலுக்கு வரி கட்டுங்கள்.’ திருட்டுத்தனமாகப் பையிலிருந்து எடுப்பதை விட்டுவிட்டு, ராஜா நேராகக் கை நீட்டிக் கேட்க ஆரம்பித்தார். நல்ல காசு வந்தது நிஜம். வரி வந்ததும் நிஜம். ஆனால் ஒரு வித்தியாசம். மீட்புப் பணம் கடைசிவரை முழுசாகக் கட்டப்படவே இல்லை. 1369-ல் மறுபடி போர் மூண்டதும் கணக்கு அந்தரத்தில் நின்றது. வரியோ நிற்கவில்லை. மீட்புக்கென்று வந்த வரிகள் வேறு வேறு காரணம் சொல்லித் தொடர்ந்தன. நடுநடுவே கலகம் வந்தது, சில வருஷம் ரத்தானது, மறுபடி முளைத்தது. உப்பு வரி ஒழிய பிரெஞ்சுப் புரட்சி வர வேண்டியிருந்தது. 1790!

அது சரி, ஃப்ராங்க் என்ற பெயர் எப்படி? இரண்டு கதை சொல்கிறார்கள். காசில் ‘ஃப்ராங்க்குகளின் அரசன்’ என்று எழுதியிருப்பதால் என்பது ஒன்று. ஃப்ராங்க் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘விடுபட்டவன்’ என்று அர்த்தம், ராஜா விடுதலையானதால் வந்த பெயர் என்பது இன்னொன்று. ஒரு விஷயம் கவனியுங்கள். அதற்கு முந்தைய ராஜாக்களின் காசுகளிலும் ‘ஃப்ராங்க்குகளின் அரசன்’ இருந்தது. அவை ஃப்ராங்க் ஆகவில்லை. ராஜா விடுதலையான கையோடு அடித்த காசு மட்டும் ஆனது.

திரும்பிப் போன ராஜா

ஜாமீனாக இருந்தவர்களில் ஜானின் இரண்டாவது பையன் லூயியும் ஒருவன். வயசு 24. புதுசாகக் கல்யாணமானவன். 1363-ல், பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன், அப்படியே எஸ்கேப்!

அப்பாவுக்கு அவமானம். வேறு ராஜாவாக இருந்தால் ‘நல்லதாப் போச்சு’ என்று விட்டிருப்பார். ஜான் என்ன செய்தார் தெரியுமா? 1364 ஜனவரியில் தானே கப்பல் ஏறி லண்டன் போய்விட்டார். பாக்கியைப் பற்றி நேரில் பேசி முடிக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. வாக்குக் கொடுத்தவன் வந்து நிற்க வேண்டும் என்று போனார். மூன்றே மாதம். ஏப்ரல் 8-ம் தேதி அதே சவாய் அரண்மனையில் இறந்துபோனார்.

நம்ம தமிழில் காசுக்கும் நாணயம். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம். காசு விஷயத்தில் பத்து வருஷம் நாணயமில்லாமல் இருந்த மனுஷன், கடைசியில் நாணயத்தைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தார். அவரை நல்லவர் என்பதா, அசடு என்பதா? இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது. உங்கள் ஹாஸ்டல் ரூமில் ஒரு ராத்திரி விவாதம் பண்ணலாம்.

இப்போது அந்த 18 வயசுப் பையன் ஐந்தாம் சார்லஸ் என்று ராஜாவானான். 1365-ல் அவனும் ஃப்ராங்க் அடித்தான். குதிரை இல்லை, பாய்ச்சல் இல்லை. மண்டபத்தின் கீழே ராஜா நின்றுகொண்டிருக்கிறார். ஒரு கையில் வாள், இன்னொரு கையில் நீதிக்கோல். இதற்கு ‘நடை ஃப்ராங்க்’ என்று பெயர். போர்க்களத்துக்கு அவன் போகவில்லை. திறமையான தளபதிகளை அனுப்பினான். அப்பா இழந்த நிலத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்தான். லூவ்ர் கோட்டையில் 900 புத்தகங்களுக்கு மேல் சேர்த்து நூலகம் வைத்தான். அரிஸ்டாட்டிலை பிரெஞ்சில் மொழிபெயர்க்க யாரைக் கூப்பிட்டான் தெரியுமா? காசில் கை வைக்காதே என்று எழுதினாரே, அதே ஓரேமை! அவனுடைய ஆட்சி முழுக்க நல்ல காசு, பெரிய மாற்றம் இல்லாமல் நின்றது. தலையில் எதிரியின் தொப்பியை வாங்கிக்கொண்ட பையன் கற்றுக்கொண்ட பாடம்.

குதிரையில் பாய்கிற அப்பா கைதியாகச் செத்தார். நின்ற இடத்தில் நின்ற பையன் ஜெயித்தான். இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு அப்பா-பையன் கதை முழுசாகத் தெரியும். அடுத்த தடவை காசில் கம்பீரமான ஒரு படத்தைப் பார்த்தால், அதை அடித்தபோது யார் ஜேப்பிலிருந்து எவ்வளவு போனது என்று ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்.

கொசுறு

* 1385-ல் புது எக்யூ தங்கக் காசு வந்து ஃப்ராங்க்கைப் பின்னுக்குத் தள்ளியது. ஆனால் ஜனங்கள் விடவில்லை. லிவ்ரைப் பேச்சுவழக்கில் ஃப்ராங்க் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

* ராஜா தலையை வாங்கிய புரட்சி அரசு, 1795-ல் குடியரசின் பணத்துக்கு வைத்த பெயரும் ஃப்ராங்க்தான். ஒரு ராஜாவின் விடுதலைக் காசு, ராஜாவே வேண்டாம் என்றவர்களின் காசானது!

* 1803-ல் நெப்போலியன் ஒரு ஃப்ராங்க்குக்கு 5 கிராம் வெள்ளிக்காசு என்று நிர்ணயித்தார். முதல் உலகப் போர் வரை அந்த ஃப்ராங்க் தாக்குப் பிடித்தது. அப்புறம் பழைய வியாதி. 1960-ல் 100 பழைய ஃப்ராங்க்கை ஒரு புது ஃப்ராங்க்காக மாற்ற வேண்டி வந்தது.

* 2002 பிப்ரவரி 17-ம் தேதி பிரான்ஸில் ஃப்ராங்க் செல்லாத காசானது, யூரோ மட்டும். பெயர் சாகவில்லை. சுவிட்சர்லாந்திலும், மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இன்றும் ஃப்ராங்க் புழங்குகிறது.

அடுத்த வாரம் வேறொரு காசோடு வருகிறேன். அதுவரைக்கும் சில்லறையைப் பத்திரமா வெச்சுக்குங்க!